திரும்பப் பெற்ற சாட்சி

சேரப்பணஞ்சேரி,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஹெப்சிக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம், மலைக்குளிரிலும் மிஷன் ஆஸ்பத்திரி அலைச்சலிலும் நீ நலமாக இருக்க தினமும் ஜெபிக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி இறங்கும்போது மட்டும் முனகுகிறாள். எனக்கு இந்த வாரம் ஏ ஷிஃப்ட், காலை ஐந்தேகாலுக்குக் கம்பெனி பஸ். படப்பை ரோட்டை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், தூசி வீட்டுக்குள் வருகிறது. இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் உங்கள் ஒடிசா மலையில் பாதிப் பேச்சில் சிக்னல் போய்விடும், இந்த விஷயத்தில் பாதி மட்டும் உன் காதில் விழுந்தால் தப்பாகிவிடும். ஒன்றாம் தேதி ராஜினாமா கொடுப்பதாகச் சொன்னாயே, அதற்குள் கையில் கிடைக்கட்டும் என்று ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உனக்கு இந்தப் பக்கம் வேலை பார்க்கும்படி நம் வீட்டு ஓனர் கோதண்டராமனிடம் கேட்டது நான்தான். அவர் மச்சான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் எச்.ஆர். "இன்னா சார், பொண்ண அவ்ளோ தூரம் அனுப்சிட்டு கம்னு கீறீங்க, ஃபர்ஸ்ட் எய்டு ரூம்ல நர்ஸ் வேலை கீது, ஏசில உக்காந்துகினு மாத்திரை குடுத்தா போதும்" என்றார். உன் சான்றிதழ் நகல்களை பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். உன்னைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், மகள் வீட்டுக்குப் பக்கத்தில் வேலைக்கு வரவேண்டும் என்று ஜெபக் குறிப்பு எழுதிப் போட்டேன். முதலில் சிபாரிசு, பிறகு ஜெபம். அடுத்த வியாழக்கிழமை உன் பெயருக்கு வேலை ஆர்டர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி நேரத்தில் எழுந்து, கர்த்தர் என் மகளைத் திரும்ப அழைத்து வருகிறார் என்று சொன்னேன், சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. அன்று சாயங்காலம் உனக்குப் போன் செய்து, இது கர்த்தருடைய சித்தம் என்றேன். பிரசவ வார்டில் உன்னையும் சேர்த்து இரண்டு பேர்தான் என்றாய். பிறகு, "கர்த்தர் சித்தம்னு நீங்க சொன்னா வர்றேன்ப்பா" என்றாய். நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அம்மா சாப்பிடவில்லை, ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

அடுத்த வாரம் ஆராதனை முடிந்ததும் சுகப்பிரியா என்னிடம் வந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் தங்கி ஒயரிங் லைனில் வேலை பார்க்கிறாள். "அங்கிள், ஆண்டவரு சித்தம்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? எங்கப்பா ஒரு மாப்பிள்ளையப் பாத்துட்டு அதையேதான் சொல்லுதாவ, எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றாள். ஜெபித்துப் பார் அம்மா என்று சொல்லிவிட்டு பைபிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாகக் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறேன், அடுத்தவன் செய்த பாகத்தில் தப்பு கண்டுபிடிப்பது எனக்குச் சுலபம். உனக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று உன்னைக் கையில் ஏந்தி, இவள் உம்முடையவள், உம் வேலைக்கு எடுத்துக்கொள்ளும் என்று சொன்னவனும் நான்தான். எல்லோரும் சொல்வதுதானே என்று சொல்லிவைத்தேன். அவர் நிஜமாகவே எடுத்துக்கொண்டதும் ஆள் பிடித்துத் திரும்பக் கேட்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது ஹெப்சி.

சாட்சி சொல்ல நேரம் ஒதுக்குகிறார்கள், சொன்னதைத் திரும்பப் பெற ஒரு நேரம் கிடையாது. அதனால் போன ஞாயிறு சாட்சி நேரத்திலேயே எழுந்து, மகளைக் கூட்டிவர ஏற்பாடு செய்தது நான், கர்த்தர் அல்ல, அவர் பெயரைப் போட்டது தப்பு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஸ்தோத்திரம் சொல்லலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. பாஸ்டர் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். வெளியே வந்ததும் அம்மாதான், "இத மொதல்ல அவகிட்டல்லா சொல்லணும்" என்றாள். இதோ, உன்னிடமும் சொல்லிவிட்டேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக. கொசுவலை இல்லாமல் படுக்காதே, தண்ணீரைக் காய்ச்சிக் குடி. ஆர்டர் ஐந்தாம் தேதிவரை செல்லும், அதற்குமேல் வேறு பிள்ளைக்குப் போய்விடும். வருவதோ இருப்பதோ, நீயே ஜெபித்து முடிவு செய். என்னிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை, அவ்வளவுதான்.

உன் அப்பா,
ஜெபசிங்