பிரேக்குக்கு மேலே ஒரு கால்

பிப்ரவரி 3
காலை பத்து மணி வரை அவர் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார். சட்டையின் ஒரு கை மாட்டியபடி, மறு கை தொங்கியபடி. நான்தான் போய் மாட்டிவிட்டேன். பக்கவாதம் வந்து ஏழு மாதம். கைகாலில் பலம் திரும்பிவிட்டது என்கிறார்கள். பின் ஏன்?

பிப்ரவரி 11
ஆஸ்பத்திரியில் அவர் தலையில் ஒயர் வைத்த தொப்பியை மாட்டினார்கள். திரையில் நட்சத்திரம் வந்தால், அடுத்து பச்சை விளக்கு எரிந்ததும் பொத்தானை அமுக்க வேண்டும், பரிசு உண்டு. வெறும் வட்டம் வந்தாலும் அமுக்க வேண்டும், ஆனால் பரிசு கிடையாது.

"விளக்கு எரியிறதுக்கு முன்னாடியே மூளை கையைத் தயார் பண்ணும்," என்றார் டாக்டரம்மா. "ஏதோ கிடைக்கப்போகுதுன்னு தெரிஞ்சா இன்னும் நல்லா தயாராகும். இவருக்கு நட்சத்திரம் வந்தாலும் வட்டம் வந்தாலும் ஒண்ணாத்தான் இருக்கு. சோம்பேறித்தனம் இல்லம்மா. எதுல அவருக்கு ஆசைன்னு பாருங்க."

இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். பதில் தெரியவில்லை.

பிப்ரவரி 19
காபியை எட்டாத மேஜையில் வைத்துப் பார்த்தேன். ஆறிப்போனது. பழைய பாட்டு, மகளின் போன் — எதற்கும் அசையவில்லை.

"என்னதாங்க வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணும் வேணாம்."

அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. எனக்குத்தான் வந்தது. கத்திட்டேன். அப்புறம் குளியலறையில போய் உக்காந்துட்டேன். முடியல.

பிப்ரவரி 20
எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 6
டாக்சிக்குக் காத்திருந்து அலுத்துவிட்டது. நானே கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். அவர் நடத்திவந்த டிரைவிங் ஸ்கூலை இப்போது என் தம்பி பார்த்துக்கொள்கிறான். இவரைத் தனியே விட முடியாதே. பின் சீட்டில் மூட்டை மாதிரி உட்காரவைத்துக் கூட்டிப்போனோம்.

மார்ச் 14
மூன்று நாளாகத் தம்பி பின்னால் உட்கார்ந்துகொண்டு, இவரை வாத்தியார் சீட்டில் உட்காரவைக்கிறான். அங்கேயும் ஒரு பிரேக் உண்டு. காலி மைதானம், ஊர்ந்து போகிற வேகம்.

இன்று திருப்பத்தில் நேரே மைதானத்துச் சுவரை நோக்கிப் போய்விட்டேன். நான் அலறுவதற்குள் வண்டி நின்றது. அவர் கால்.

தம்பி மெதுவாகச் சொன்னான்: "அக்கா, நீ திரும்ப ஆரம்பிச்சப்பவே மாமா காலைத் தூக்கி பிரேக்குக்கு மேல வெச்சுட்டாரு. பாத்துட்டேதான் இருந்தேன்."

இத்தனை மாதத்தில் முதல்முறையாக, யாரும் கேட்காமல் அவர் வாய் திறந்தார்.

"கிளட்சை யாரு மிதிப்பா? உங்கப்பனா?"

எனக்குக் கோபம் வரவில்லை. இன்னொரு தடவை திட்டமாட்டாரா என்றிருந்தது.

மார்ச் 22
டாக்டரம்மாவிடம் சொன்னேன். "பிரேக் புடிச்சது பெருசில்ல. அது பழக்கம். முன்னாடியே காலைத் தயாரா வெச்சாரு பாருங்க, அதுதான் பெருசு. உங்களைத் திருத்துறதுல அவருக்கு ஏதோ கிடைக்குது," என்றார்.

எனக்கு என்ன கிடைக்கிறது? அங்கே கேட்கவில்லை. இங்கே எழுதிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 9
எனக்கு முதுகுவலி. படுத்திருந்தேன். அவர் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

"கிளம்பலையா?"

மே 17
லைசென்ஸ் கைக்கு வந்து பத்து நாளாகிறது. தம்பிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

இன்றும் போனோம். உடம்பெல்லாம் அசதி. இரண்டு சுற்று ஒழுங்காக ஓட்டினேன். அவர் ஜன்னல் வழியே எங்கோ பார்க்க ஆரம்பித்தார். மூன்றாவது சுற்றில் கிளட்சைப் பட்டென்று விட்டேன். வண்டி குலுங்கி நின்றது.

நிமிர்ந்து உட்கார்ந்தார். "உனக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுப்பான்?"

"ஆமாங்க," என்றேன். சாவியை மறுபடி திருப்பினேன்.