நாவலில் வந்த ‘நீ’

அன்பு மகளுக்கு,

அப்பாவின் முட்டிவலி உட்பட இங்கே எல்லாரும் சௌக்கியம். நீயும் அவளும் நலம்தானே?

உன் நாவலை வைத்து நீ எழுதி அனுப்பிய திரைக்கதையைக் கடையில் துணி வெட்டுகிற மேசை மேல் விரித்து வைத்துப் படித்து முடித்தேன். ஒவ்வொரு காட்சிக்கும் மேலே ‘உள்ளே, பகல்’, ‘வெளியே, மாலை’ என்று போட்டிருக்கிறாயே, அது யாருக்கு? விளக்குப் போடுகிறவருக்கா, நடிக்கிறவருக்கா? அழுதாள் என்று எழுதாமல் ‘குழாயை மூடாமல் நிற்கிறாள்’ என்று எழுதியிருக்கிறாய். அப்படித்தான் எழுத வேண்டுமா? அப்பாவைக் கேட்டால், “எனக்கென்ன தெரியும், அவளையே கேளு” என்று கையை விரித்துவிட்டார்.

பெண்களை நேசிக்கும் பெண்கள் எழுதிய கதைகளை நீ தொகுத்தாயே, அந்தப் புத்தகத்தைக் கடைக்கு வரும் டீச்சர் வாங்கிப் போனாள். கேட்டால் “இன்னும் முடிக்கலக்கா” என்கிறாள். தைக்கக் கொடுத்த துணியெல்லாம் வாங்கிப் போயாயிற்று, புத்தகம் மட்டும் முடியவில்லையாம். யாரிடமோ கைமாற்றி விட்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

தயாரிப்பாளர் விஷயத்துக்கு வருகிறேன். நாவலில் வருகிற ‘நீ’யை ஆணாக மாற்றினால்தான் படம் எடுப்பேன், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல் என்கிறாராம். நீ ஃபோனில் சொன்னபோது கோபம்தான் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ‘நீ வந்தாய், நீ சிரித்தாய், நீ போனாய்’ என்றுதான் இருக்கிறது. அவன் என்றும் இல்லை, அவள் என்றும் இல்லை. முதலில் படித்தபோது நானும் அந்த ‘நீ’க்கு ஒரு மீசையை வரைந்து, நல்ல வேலையும் வாங்கிக் கொடுத்து, மாப்பிள்ளை அமைந்துவிட்டான் என்று அப்பாவிடம் சொல்லியும்விட்டேன். அப்புறம் நீ அவளை வீட்டுக்கு அழைத்து வந்தாய். நாவலில் ‘நீ’ செய்வதைப் போலவே, அவள் தன் செருப்போடு உன் செருப்பையும் எடுத்து நேராக வைத்தாள். நான் வரைந்த மீசை அன்றைக்கே உதிர்ந்துவிட்டது.

நாலு வருஷமாக நீ இந்தப் படத்துக்காக அலைவது எனக்குத் தெரியும். இது கைவிட்டுப் போனால் மறுபடி யார் கதவைத் தட்டுவாய் என்ற கவலையும் இருக்கிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். ‘நீ’ என்று எழுதியது கதைக்காகவா, எங்களுக்குப் பயந்தா? கதைக்காக என்றால் உன் இஷ்டம், அதில் நான் மூக்கை நுழைக்க மாட்டேன். எங்களுக்குப் பயந்து என்றால், அந்தப் பயத்தை விட்டுவிடு. படத்தில் அந்த ‘நீ’க்கு ஒரு முகம் வேண்டும்தானே? அது அவள் முகமாக இருக்கட்டும். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று எங்களுக்காகப் பார்த்து அந்த ஆளிடம் சரி என்று சொல்லிவிடாதே.

இருவரும் வேளைக்குச் சாப்பிடுங்கள், நன்றாக இருங்கள். அப்புறம், அவள் ஃபோனில் என்னை ‘ஆன்ட்டி’ என்கிறாள். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவளை ‘அத்தை’ என்று கூப்பிடச் சொல்.

உங்கள் இருவர் நினைவாகவே இருக்கும்,
அம்மா