பூதத்தான் பேரில் கேள்

அன்பு மகள் பொன்ரேகாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகனும் பிள்ளையும் அந்தச் சீமைக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். நாங்களும் இங்கே சுகம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், இன்றைக்கு அதை எழுதக் கை வரவில்லை. வாய்ஸ் மெசேஜில் சொல்லலாம் என்று மூன்று தடவை ஆரம்பித்தேன், மூன்று தடவையும் அழுகைதான் பதிவானது, அழித்துவிட்டேன். அதனால் சயான் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து உன் அப்பாவின் பழைய டைரியில் எழுதுகிறேன், போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போடுவேன். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், தெரியும், மெதுவாகவே படி, ஆனால் கடைசி வரைக்கும் படி, வேறு யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே.

என்னைப் பெற்ற உன் தாத்தா சாப்பிட்டு இன்றைக்கு ஐந்து நாள் ஆகிறது. நெஞ்சில் தண்ணீர் கோத்திருந்தது, அதை எடுத்துவிட்டார்கள், மருந்தும் கேட்கிறது, இனி சாப்பிட்டால் எழுந்துவிடுவார் என்று டாக்டர் சொல்கிறார். அவர்தான் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். கஞ்சியைக் கொண்டுபோனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். குழாய் வழியாக ஊற்றப் பார்த்தார்கள், பிடுங்கிப் போட்டுவிட்டார். எல்லாம் அந்தக் கடிதத்தால் வந்தது. மாரிக்கண்ணன் என்ற பெயரில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த யாரும் கப்பற்படையில் வேலை பார்த்ததாகப் பதிவு இல்லை என்று நீ அங்கிருந்து வாங்கி அனுப்பினாயே, சீல் வைத்தது, அதைத் தமிழில் சொல்லு என்று தாத்தா கேட்டார், நான் மடச்சி, அப்படியே சொல்லிவிட்டேன். அப்ப எங்கப்பன் ஓடினவந்தான் என்று மட்டும் சொன்னார். அன்றைக்குப் படுத்தவர்தான். பதினொரு மாதமாக அவருக்கு ஒரு நல்லது செய்கிறோம் என்று நீயும் நானும் ஃபாரம் ஃபாரமாக நிரப்பினோமே, சும்மா இருந்திருக்கலாம். உன்னைக் குறை சொல்லவில்லை, கேள் கேள் என்று உன்னை அரித்தவள் நான்தான்.

உனக்குப் பாதிதான் தெரியும், மீதியையும் சொல்லிவிடுகிறேன். தாத்தாவின் அப்பா மாரிக்கண்ணன் யுத்த காலத்தில் பம்பாய்க்கு வந்து கப்பற்படையில் சேர்ந்தார் என்று அவர் மனைவி சண்முகவடிவு சாகிற வரைக்கும் சொன்னாள். ஊரில் ஒருத்தர்கூட நம்பவில்லை. மூன்றாம் வகுப்பு தாண்டாதவனைப் படையில் யார் எடுப்பார்கள், கொழும்பில் ஒருத்தியோடு இருக்கிறான் என்றுதான் பேச்சு. அவருடைய அண்ணன் பூதத்தான் கல்யாணமே கட்டிக்கொள்ளாதவர், அவர்தான் தம்பி பெண்டாட்டியையும் கைக்குழந்தையாக இருந்த தாத்தாவையும் தாராவிக்குக் கூட்டிவந்து தோல் பதனிடும் வேலை பார்த்துக் காப்பாற்றினார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா பெயர் என்ன என்று கேட்டதற்குத் தன் பெயரைச் சொல்லிவிட்டார். அதனால்தான் தாத்தா மா. ராஜபாண்டி ஆகாமல் பூ. ராஜபாண்டி. இந்த இனிஷியலை வைத்துச் சந்துக்குள்ளே என்னென்ன பேசினார்கள் என்று நான் எழுத வேண்டாம், உனக்கே புரியும். தாத்தா சின்ன வயதில் அதற்காகவே எத்தனையோ பேரை அடித்திருக்கிறாராம். அம்மா கெட்டவளாக இருக்க வேண்டும், இல்லை அப்பா ஓடினவனாக இருக்க வேண்டும், இந்த இரண்டில் ஒன்றைத்தான் அவருக்கு விட்டுவைத்திருந்தார்கள். அவர் அம்மாவைக் காப்பாற்றுவதற்காக அப்பாவை வெறுத்தார். எண்பத்து மூன்று வயது வரைக்கும் வெறுத்துவிட்டு, போன வருஷம்தான் என்னிடம், ஒருவேளை நெசமாவே கடல்ல போயிருந்தா, என்று இழுத்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். தொண்ணூறடி ரோட்டில் பெல்ட் பட்டறை வைத்திருக்கிற ரஹ்மத்துல்லா அண்ணன் தாத்தாவைப் பார்க்க வந்தார், விஷயத்தைக் கேட்டுவிட்டு, மஸ்ஜித் பந்தரில் கப்பல்காரர்கள் தங்குகிற பழைய கட்டடத்தில் யுத்தத்தில் கடலோடு போனவர்கள் பெயர் எழுதிய புத்தகம் இருக்கிறது, தன் வாப்பாவின் மாமா பெயரும் அதில் உண்டு என்றார். இத்தனை வருஷம் லோக்கல் டிரெயினில் அந்த ஸ்டேஷனைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன் பொன்னு, எட்டு ஸ்டேஷன் தள்ளி இருக்கிறதை விட்டுவிட்டு உன்னைச் சீமையில் தேடச் சொல்லியிருக்கிறேன். உன் அப்பா விக்ரோலி கம்பெனியிலிருந்து வந்து ஆள் மாற்றியதும் அண்ணனோடு ஓடினேன். புத்தகம் முழுக்க இங்கிலீஷ். விரலை வைத்து வைத்துப் பார்த்தேன், மாரிக்கண்ணன் இல்லை. மூடி வைத்துவிட்டேன். அப்போது அண்ணன் கேட்டார், “தங்கச்சி, படிப்புப் பத்தாதவங்க அந்தக் காலத்துல அண்ணனோட பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டக் காட்டித்தான் கப்பல் ஏறுவாங்க. எங்க மாமாவும் அப்படித்தான் போனாரு. ஒங்க ஆளுக்கு அண்ணன் உண்டுமா?” திரும்பத் திறந்து பார்த்தேன். இருக்கிறது. பூதத்தான், தகப்பன் பெயர் பெருமாள், மனைவி சண்முகவடிவு, திருநெல்வேலி ஜில்லா, இறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு ஏப்ரல். பெயரைத்தான் அண்ணனிடம் வாங்கினாரே தவிர, பெண்டாட்டி பெயரைத் தன் பெண்டாட்டி பெயராகவே கொடுத்திருக்கிறார்.

வரும்போது டிரெயினில் நினைத்துப் பார்க்கிறேன், ஒவ்வொன்றாக வருகிறது. பூதத்தான் தாத்தா எட்டாம் வகுப்பு பாஸ், ஆனால் எங்கே போனாலும் கைநாட்டுத்தான் வைப்பார், எனக்குச் சிரிப்பாக இருக்கும். தபால்காரர் சந்துக்குள் வந்தால் பின்பக்கம் போய்விடுவார். ஆடி அமாவாசைக்கு வருஷம் தவறாமல் மாஹிம் கடலில் போய் எள்ளும் தண்ணீரும் இறைப்பார், யாருக்கு என்று கேட்டால் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துவிடுவார். பூதத்தான் செத்துப்போனான் என்று தந்தி வந்திருக்கும், அதைக் கைநீட்டி வாங்கினவரும் பூதத்தானாகத்தான் இருந்திருப்பார். வெளியே சொன்னால் கள்ளச் சர்ட்டிபிகேட் கொடுத்ததற்கு ஜெயில் என்று பயந்திருப்பார். முதலில் பயத்தில் மறைத்தவர், பிறகு எந்த முகத்தோடு சொல்வார். சண்முகவடிவிடமாவது சொல்லியிருக்கலாம், அந்தப் பாவத்துக்கு அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. செத்தவரோடு என்ன சண்டை, ஆனாலும் முடியவில்லை.

நேராக வார்டுக்குப் போய்த் தாத்தா காதில் சொன்னேன். புத்தகத்தில் பூதத்தான் என்றுதான் இருக்கிறது, மனைவி சண்முகவடிவு என்று போட்டிருக்கிறது என்று அவசரத்தில் உளறிவிட்டேன். அவர் மாஸ்க்கை இழுத்துக் கீழே தள்ளிவிட்டு, “ஏட்டி, சாவப்போற நேரத்துல எங்கம்மய நீயும் அசிங்கப்படுத்துதியா” என்றார். எனக்கு அங்கேயே உயிர் போயிருக்கலாம். சந்தில் பேசினதையே நான் புத்தகத்தில் பார்த்துவிட்டு வந்து சொல்வதாக நினைத்துவிட்டார். நான் எழுதிக்கொண்டு வந்த தாளைக் காட்டினேன், அது ஒன் கையெழுத்து, சீல் வச்ச தாளு இல்லன்னு சொல்லுது, சீல் இல்லாத தாளு இருக்குன்னு சொல்லுதா என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார். போனிலாவது போட்டோ எடுத்திருக்கலாம், அது சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. ஆகவே மகளே, உன் காலில் விழுந்து கேட்கிறேன், முன்னே கேட்ட அதே இடத்தில் இப்போது பூதத்தான் என்று கேள். மெயில் போட்டுவிட்டு உட்காராதே, லீவு சொல்லிவிட்டு நேரில் போய் நில். செத்த தேதி அதில் தெளிவாக இருக்க வேண்டும், சீல் இருக்க வேண்டும், கிடைத்த நிமிஷம் போட்டோ அனுப்பு.

மேலே உள்ளதை எழுதி முடிக்கும் முன்னே சிஸ்டர் கூப்பிட்டாள், போய்விட்டு வந்து எழுதுகிறேன். தாத்தாவை வேறு கட்டிலுக்கு மாற்றினார்கள். மாற்றும்போது கட்டில் தலைமாட்டில் தொங்குகிற அட்டையைப் பார்த்துச் சத்தமாகப் பெயர் படித்தார்கள், இந்த ஊர் வழக்கப்படி அப்பா பெயரையும் சேர்த்து, ராஜபாண்டி பூதத்தான் என்று. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, குனிந்து கேட்டேன். “பூதத்தான் தாத்தா செத்தது நான் அஞ்சாங்கிளாஸ் படிக்கையில. நீங்கதான் கொள்ளி வச்சிய. அப்ப நாப்பத்திரண்டுல கடல்ல செத்த பூதத்தான் யாருப்பா?” என் பக்கம் திரும்பி, எனக்கு அப்ப நாலு மாசம் என்றார். கையைத் தலைக்கு மேலே தூக்கித் தடவினார், அட்டையைக் கேட்கிறார் என்று புரிந்து கழற்றிக் கொடுத்தேன். அதில் ஆஸ்பத்திரி சீல் இருக்கிறது. அதை நெஞ்சில் வைத்துப் பிடித்திருக்கிறார், சிஸ்டர் வந்து பாபா, பேப்பர் தே தோ என்று இரண்டு தடவை கெஞ்சிவிட்டாள், தரமாட்டேன் என்கிறார். நம்பிவிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் பயமாக இருக்கிறது. கஞ்சியை ஃபிளாஸ்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பிள்ளைக்குத் திருநீறு பூசிவிடு, நம் குலசாமி உங்கள் மூன்று பேர் கூடவும் இருக்கட்டும். நீயும் வேளைக்குச் சாப்பிடு, அழுதுகொண்டு டிரெயின் ஏறாதே. ஃபாரத்தில் உனக்கு அவர் என்ன உறவு என்று கேட்பார்கள், தயங்காமல் பூதத்தான் என்பவர் என் அம்மாவின் அப்பாவைப் பெற்றவர் என்று எழுது. மறந்தும் மாரிக்கண்ணன் என்று எழுதிவிடாதே.

இப்படிக்கு உன் அம்மா,
பூதத்தான் மகன் ராஜபாண்டி மகள் பிரேமலதா