வெளியே போய் உள்ளே வந்த பெட்டி

செவ்வாய், இரவு. மழை விடவில்லை.

போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தரச் சோதனை அதிகாரி வந்தார். கருவிகளை ஆவியில் வைத்துக் கிருமி நீக்கும் பழைய பெட்டி சரியாகச் சூடேறுவதில்லை, உள்ளேயே இருக்கக் கூடாது என்றார். அன்றே பின்கொட்டகையில் தூக்கிப் போட்டோம். இன்று காலை கணக்குச் சோதனை அதிகாரி வந்தார். பதிவில் உள்ள சாமான் அதனதன் இடத்தில் இருந்தாக வேண்டுமாம். தரக்காரர் சொன்னதைச் சொன்னேன். அது வேறு துறை என்றார். பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன்.

மத்தியானம் பக்கத்து லைங் தாயா தொழிற்பேட்டையின் தையல் ஆலையிலிருந்து, விரலில் ஊசி ஏறிய ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். நர்ஸ் செல்வி அந்தப் பெட்டியிலிருந்து இடுக்கியை எடுத்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தடுத்தேன்.

"இடத்துலதானே இருக்கு அண்ணே, ரிப்பேர் பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

அவள்மேல் எப்படிக் கோபப்படுவது? அதிகாரிகள்மேலும் முடியவில்லை. அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசியதே இல்லை, அவ்வளவுதான்.

கிளம்பும்முன் பெட்டியின் ஒயரைப் பிளக்கோடு நறுக்கிவிட்டேன். பெட்டி அதன் இடத்திலேயே இருக்கிறது. சொத்தைச் சேதம் செய்தது யார் என்று கேட்பார்கள். கேட்கட்டும்.