துரைன்னு கூப்பிடக் கூடாதாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்க முழங்கால் வீக்கம் வத்திருச்சா? அப்புத்தளையில மழை விட்டுச்சா?

கொழும்பு ஹோட்டல்ல எனக்கு ஒரு குறையும் இல்ல. நம்ம தோட்டத்துப் பழக்கத்துல மனேஜரைத் துரைன்னுதான் கூப்பிடுவேன். அது அடிமை வார்த்தை, இங்க எல்லாரும் சமம், பேரைச் சொல்லிக் கூப்பிடணும்னு வகுப்பு வச்சுச் சொல்லிக் குடுத்தாங்க. சமமாம். வெள்ளிக்கிழமை விருந்தாளிகளுக்கு முன்னால மனேஜர்கிட்ட, "நிரோஷன், சாப்பாடு ரெடி"ன்னேன். சமையல்கட்டுக்கு இழுத்துட்டுப் போய் இடது காதோட சேர்த்து அறைஞ்சாரு. வலது காது இரும்புக் கதவுல மோதிருச்சு. இறைச்சி வெட்டுற கத்தி கையெட்டுற தூரத்துலதான் கிடந்துச்சு. உங்களை நினைச்சுக்கிட்டேன், எடுக்கல.

விசாரணை வச்சாங்க. அடிக்கும்போது தகாத வார்த்தை ஏதாவது சொன்னாரான்னு கேட்டாங்க. பேசாமத்தான் அடிச்சாருன்னேன். அப்ப முறைப்பாட்டுக்கு இடமில்லையாம்.

நீங்க பூண்டு போட்டுக் காய்ச்சுற எண்ணெய் ஒரு போத்தல் அனுப்புங்க. கொஞ்ச நாளைக்குப் போன் பண்ண வேணாம், கடிதமே போடுங்க. வேலைக்குக் கூப்பிட்டிருப்பாங்க போல, கூட்டாளி வந்து தோளைத் தட்டுறான்.

உங்க மகன்,
சசிதரன்