துப்பாக்கித் தூரத்துக்கு ஒரு கண்ணாடி

ஏனுங்க,

பத்து நாளைக்கு முன்பு உங்கள் அலமாரியைத் திறந்தேன். துணி அலமாரி இல்லை. அதை நீங்கள் தவறிப்போன மாசமே பையன் வந்து காலி செய்துவிட்டான். கராஜ் மூலையில் நிற்கிற இரும்பு அலமாரி. கதவைத் திறந்ததும் துப்பாக்கி எண்ணெய் வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் உங்கள் பனியனில் அடிக்கும் அதே வாசம். கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அழுதேன் என்று சொல்ல மாட்டேன், கோபம்தான் வந்தது. இந்தக் கருமத்தை எல்லாம் என் தலையில் கட்டிவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்களே என்று.

திறக்கக் காரணம் இருக்கிறது. இந்த மாசம் இரண்டு ஆட்டுக்குட்டி போய்விட்டது. கயோட்டி வேலிக்கு அடியில் பறித்துக்கொண்டு உள்ளே வருகிறது. நரியும் இல்லாமல் ஓநாயும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சாதி. விடிகிற நேரத்தில் வந்து, கத்தக் கத்தத் தூக்கிக்கொண்டு போகிறது. சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று துப்பாக்கியை எடுத்துப் பொத்தானை அழுத்தினேன். குறி பார்க்க அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளி ஒன்று எரியுமே, அது எரியவில்லை. பேட்டரி கசிந்து உள்ளே பச்சைப் பசேலென்று பூத்துக் கிடந்தது. எரிந்திருந்தாலும் பிரயோசனம் இல்லை, என் கண்ணுக்கும் அது புள்ளியாகத் தெரியாது, பூச்சி நசுங்கின மாதிரிதான் தெரியும். அது கெட்டால் உதவிக்கு என்று மடக்கி வைத்திருந்த இரும்புச் சைட்டை நிமிர்த்தினேன். கண்ணோரம் ஒரு துளை, முனையில் ஒரு குச்சி, இரண்டையும் நேராக்கிக் குறி பார்க்க வேண்டும். வேலி தெரிந்தது, வேலிக்கு அந்தப்பக்கம் பக்கத்துப் பண்ணைக்காரரின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. துப்பாக்கி முனையில் நிற்கிற குச்சி மட்டும் கரைந்து காணாமல் போயிருந்தது.

வெள்ளெழுத்து. உங்களுக்கு வந்தபோது நான் எத்தனை சிரித்திருக்கிறேன்!

வரி குறையும் என்று ஆடு வாங்கிய ஆள் நீங்கள். இரண்டாவது தடவை வேலை போனதும் ஃபிரிஸ்கோவில் இருந்த டவுன் வீட்டை விற்றுவிட்டு, வடக்கே வீடுகள் எல்லாம் தீர்ந்து புல் ஆரம்பிக்கிற இடத்தில் நிலம் வாங்கியே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றீர்கள். விவசாய நிலம் என்று காட்டினால் ப்ராப்பர்ட்டி டாக்ஸ் இறங்கும், அதற்கு ஆடு வேண்டும், ஆட்டுக்கு நாய் வேண்டும், நாயால் ஆகாததற்குத் துப்பாக்கி வேண்டும். ஒன்றைத் தொட்டு ஒன்றாக வந்ததுதான் எல்லாம். நாய்க்கு, சான்டா கிளாராவில் வேலையில் இருக்கிற பையன்தான் வீடியோவில் பார்த்துப் பெயர் வைத்தான். பிஸ்கட் நிறத்தில் இருந்ததால் பிஸ்கட்.

அந்தச் சிவப்புப் புள்ளி உங்களுக்கு உருண்டையாகத் தெரியவில்லை, வால் முளைத்துத் தெரிந்தது. பொருளில்தான் குறை என்று கடைக்குப் போய் மாற்றினீர்கள். மாற்றியதையும் மறுபடி மாற்றப் போனீர்கள். ஆயுசு முழுக்க அடுத்தவன் எழுதின கம்ப்யூட்டர் கோடில் தப்புக் கண்டுபிடித்த மனுஷனுக்குத் தன் கண்ணில் தப்பு இருக்கும் என்று தோன்றவே இல்லை. கடைக்காரர் உங்கள் போனை வாங்கி, அந்தக் கண்ணாடி வழியாக ஒரு படம் எடுத்துக் காட்டினார். படத்தில் புள்ளி அழகாக உருண்டையாக இருந்தது. ‘தி டாட் இஸ் ஃபைன், சார்’ என்று மட்டும் சொன்னார்.  வரும் வழியெல்லாம் ஃப்ரீவேயில் நான் சிரிப்பை அடக்க முடியாமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்கப்புறம் பிடித்தது இரும்புச் சைட் பைத்தியம். குண்டில்லாத துப்பாக்கியை டைனிங் டேபிளில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

“பேக்கப் சைட் ஒண்ணு நல்லதா அமையணும் அம்மிணி.”

“இந்த வயசுல ஒரு சைட்டே ஜாஸ்தி. இதுல பேக்கப் சைட் வேறயாக்கும்?”

நீங்கள் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியின் கீழ்ப்பாதியில்தான் கிட்டத்துப் பொருள் தெரியும் என்பதால் தாடையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தீர்கள்.

“முன்னாடி நிக்கிற குச்சி தெளிவாத் தெரியோணும். எதுக்க இருக்கறது கொஞ்சம் மங்கலா இருந்தாப் பரவால்ல. அதுதான் ரூல்.”

“மங்கலா இருந்தா அது என்னன்னு எப்படீங்க தெரியும்?”

“அதெல்லாம் முன்னாடியே பாத்து வெச்சுக்கோணும்.”

அந்தச் சாயங்காலம் நான் சமையலறைச் சன்னலில் நின்றிருந்தேன். அடுப்பில் ரசம் இருந்தது. நீங்கள் கொட்டகைக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு நின்றீர்கள். தூரத்து வேலியோரம் செடார் புதரிலிருந்து பிஸ்கட் வெளியே வந்தது. எனக்குக் கிட்டத்தில்தான் தகராறு, தூரம் அன்றைக்கும் இன்றைக்கும் கண்ணாடி இல்லாமல் தெரியும். நொண்டி நொண்டி வந்தது, காலில் முள் தைத்திருக்க வேண்டும். நீங்கள் துப்பாக்கியைத் தூக்கினீர்கள். தாடை மேலே போனது. ‘அவருக்குத் தெரியாமலா இருக்கும், சும்மா பார்க்கிறார்’ என்றுதான் நினைத்தேன். சன்னலைத் தட்டக் கையைத் தூக்குவதற்குள் சத்தம் வந்துவிட்டது.

நீங்கள் நடந்து போனதைப் பார்த்தேன். பக்கத்தில் போனதும் உட்கார்ந்ததையும், பிறகு எழுந்து போய் மண்வெட்டி எடுத்ததையும் பார்த்தேன். அடுப்பை அணைத்தேன். ஓடி வந்திருக்கலாம். ஆனால் உங்கள் முதுகு நான் வருவதை விரும்பவில்லை என்று தோன்றியது. நாற்பது வயசுக்கு மேல் ஒரு ஆம்பளை மண்ணில் உட்கார்ந்து அழும்போது பெண்டாட்டி எதிரே போய் நிற்கக் கூடாது என்று யார் எனக்குச் சொல்லித் தந்தார்களோ தெரியவில்லை.

இருட்டுகிற நேரத்தில் உள்ளே வந்தீர்கள். கையெல்லாம் மண்.

“பிஸ்கட்டக் கயோட்டி அடிச்சுப் போட்டுது அம்மிணி. பாக்க வேண்டாம்னு நானே பொதைச்சுட்டேன்.”

“கை கழுவிட்டு வாங்க. சாப்பிடலாம்.”

அவ்வளவுதான் பேசினோம். நீங்கள் ரசஞ்சோறு இரண்டு வாய் சாப்பிட்டீர்கள். நான் பரிமாறினேன். பையனுக்குப் போன் போட்டு அதே கதையைச் சொன்னீர்கள். அவன் ‘ஓ நோ, அப்பா’ என்று அழுதான். நான் அடுப்படியைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து நீங்கள் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. ஆனால் சைட் மட்டும் வந்துகொண்டே இருந்தது. வாசலில் வாரம் ஒரு டப்பா. பெரிய துளை, சின்னத் துளை, நுனியில் பச்சை மின்னுவது, சாய்த்து மாட்டுவது. ‘வீட்டுக்குள் இரும்புக்கடையையே கொண்டுவந்து சேர்க்கிறாரே’ என்று கடுப்பாக இருக்கும். ஒவ்வொன்றையும் மாட்டிவிட்டு என்னைத்தான் கூப்பிடுவீர்கள்.

“நீ பாரு. உனக்கு எது தெளிவாத் தெரியுது?”

“எனக்கெதுக்குங்க? நீங்கதான சுடப் போறீங்க?”

“பாருன்னா பாரேன்.”

எரிச்சலோடு குனிந்து பார்த்துவிட்டு ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்று எழுந்து போவேன். எனக்காகத்தான் தேடுகிறீர்கள் என்று அப்போது உறைக்கவில்லை. உங்கள் கண்ணை நீங்கள் கைகழுவி விட்டிருந்தீர்கள்.

பிறகு அடுத்து வந்த வசந்தத்தில் ஸ்ட்ரோக் வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, வாய் கோணி, சொல் குழறி, என்னைப் பார்த்துக் கேட்டீர்கள். “பிஸ்கட்டுக்குச் சோறு வெச்சியா?”

“வெச்சேனுங்க.”

“சாப்பிட்டுதா?”

“சாப்பிட்டுதுங்க.”

கண்ணை மூடிக்கொண்டீர்கள். அதற்கப்புறம் நீங்கள் பேசவில்லை. நாம் இருவரும் கடைசியாகப் பேசிய பேச்சு அதுதான்.

பையன் ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறான். நிலத்தை விற்றுவிட்டு இங்கே வா, என் பிள்ளையை டேகேரில் விட வேண்டாம், நீ இருந்தால் போதும் என்கிறான். துப்பாக்கியை எடுத்தேன் என்றதும் பதறிவிட்டான். “அம்மா, மெனு கார்டே உனக்குப் படிக்க முடியல! வாட் இஃப் யூ ஹிட் சம்படி? அப்பாவால ஷூட் பண்ண முடிஞ்சுது. யூ கான்ட்.” நல்ல பிள்ளை, பயத்தில் சொல்கிறான். ‘ஆமாம் கண்ணு, உங்கப்பாவுக்கு நல்லாத் தெரியும்’ என்றேன். 

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் என் பயமும். குட்டிகளை இப்படியே விட்டால் ஆடு மிஞ்சாது, ஆடு மிஞ்சாவிட்டால் இந்த நிலத்தில் எனக்கு வேலை இல்லை. கண் தெரியாமல் சுட்டால் நானும் உங்களை மாதிரி ஆகிவிடுவேன். பக்கத்துப் பண்ணை நாய் இரண்டும் வேலிக்கு இந்தப்பக்கம் வந்து போகிற நாய்கள். அவையும் மண் நிறம்தான்.

அதனால் முதலில் கண் டாக்டரிடம் போனேன். நம் ஊர்ப் பக்கத்துப் பெண், ஆன்ட்டி ஆன்ட்டி என்று பிரியமாகப் பேசும்.

“கம்ப்யூட்டர் டிஸ்டன்ஸுக்கா ஆன்ட்டி, ரீடிங் டிஸ்டன்ஸுக்கா?”

“துப்பாக்கி டிஸ்டன்ஸுக்குக் கண்ணு.”

அந்தப் பெண்ணின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! தையல் டேப்பால் கண்ணுக்கும் குச்சிக்கும் உள்ள தூரத்தை வீட்டிலேயே அளந்து கொண்டுபோயிருந்தேன். சிரித்துக்கொண்டே வலது கண்ணுக்கு மட்டும் அந்தத் தூரத்துக்குச் சரி செய்து கொடுத்தாள். “ஆனா ஆன்ட்டி, கிட்ட க்ளியர் ஆனா தூரம் கொஞ்சம் ப்ளர் ஆகும். ரெண்டும் கிடைக்காது. ஏஜ் ஆயிடுச்சுல்ல” என்றாள்.

அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உங்கள் டப்பாக்களை எல்லாம் டேபிளில் கொட்டினேன். ஒவ்வொன்றாக மாட்டிச் சன்னல் வழியாக வேலியைப் பார்த்தேன். பெரிய துளையில் குச்சி கம்பீரமாக நின்றது, வேலி மங்கிவிட்டது. மேய்கிற ஆடு எது, கட்டிவைத்த வைக்கோல் எது என்று தெரியவில்லை. உங்கள் ரூல்படி அது சரிதான்.  அன்றைக்கு நீங்கள் பார்த்தது இதைத்தான் என்று புரிந்தது. குச்சி தெளிவாக இருந்திருக்கும். அதற்குப் பின்னால் ஒரு பழுப்புக் கலங்கல், அதுதான் பிஸ்கட்.

கடைசியில் ஊசித்துளை மாதிரி சின்னதாக இருந்த ஒன்றை மாட்டினேன். விரலை மடக்கிச் சின்னச் சந்து வழியாகப் பார்த்தால் எழுத்து தெளியுமே, அந்த மாதிரி குச்சியும் தெரிந்தது, வேலியும் தெரிந்தது. தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்த காக்காய்கூடத் தெரிந்தது. ஆனால் நல்ல வெளிச்சத்தில்தான். கொஞ்சம் மேகம் மூடினாலும் துளைக்குள் இருட்டிவிடும். கயோட்டி வருவதோ வெளிச்சம் வருவதற்கு முன்னால். வேலைக்கே ஆகாத சைட் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் அதையே வைத்து முடுக்கினேன். தெரிந்தால் சுடுவேன், தெரியாவிட்டால் சுட மாட்டேன். குட்டி போனாலும் போகட்டும்.

இன்று காலை போயிற்று.

விடிகிற நேரம் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தேன். புதரோரம் ஒரு உருவம் அசைந்தது. துளைக்குள் பார்த்தால் கறுப்பு. வெறும் கண்ணால் பார்த்தால் நாலு காலும் வாலும் இருக்கிற ஏதோ ஒன்று. கயோட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்று மனசு அடித்துச் சொன்னது. உங்கள் மனசும் அப்படித்தான் சொல்லியிருக்கும். விரலை விசைக்கு வெளியிலேயே வைத்துக்கொண்டேன். கத்தினேன், கல்லை எடுத்து எறிந்தேன். அது வேலியோரமாகவே பதுங்கி ஓடி, ஓரத்தில் நின்ற வெள்ளைக் குட்டியைக் கவ்வியது. குட்டி என்னைப் பார்த்துத்தான் கத்தியது. வெளிச்சம் ஏறித் துளை தெளிந்தபோது வேலியும் புல்லும் துல்லியமாகத் தெரிந்தன. சுடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஈர மண்ணில் போய்ப் பார்த்தேன், கயோட்டி கால்தடம்தான். சுட்டிருந்தால் சரியாகத்தான் இருந்திருக்கும். அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

நம் பக்கத்தில் எது கை நழுவினாலும் ‘போச்சாது, விடு’ என்போம். உங்களுக்கு முதல் வேலை போனபோது சொன்னேன், இரண்டாவது போனபோதும் சொன்னேன். பிஸ்கட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. சொன்னால் எனக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடுமே என்று வாயைக் கட்டினேன். உங்கள் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். அந்தப் பாரத்தை ஒற்றை ஆளாகச் சாவு வரைக்கும் தூக்க விட்டுவிட்டேன்.

துப்பாக்கியிலிருந்து குண்டை எடுத்துவிட்டு, வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டே சொன்னேன்.

“பிஸ்கட்டச் சுட்டது நீங்கதானுங்க. நான் சன்னல்ல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். போச்சாது, விடுங்க.”

கேட்க அங்கே ஆடுகள்தான் இருந்தன.