பச்சை தீர்ந்த பிறகு

10 ஆகஸ்ட் 1974, சனி

இந்த ஊர் மலைகளை வரைந்தால் பச்சைதான் முதலில் தீரும். பூனாகலை ரோட்டு மேட்டில் உட்கார்ந்து வரைந்தபோது, பேஸ்டல் பெட்டியில் மஞ்சள்தான் மிஞ்சியது. பாதித் தேயிலை மலை மஞ்சளாகவே நின்றது. அந்த நேரம் பார்த்து இவர் தையல் கடையிலிருந்து ஏறி வந்தார்.

“உன் பொண்டாட்டி ரோட்டோரம் உக்காந்து என்ன பண்றான்னு எல்லாரும் கேக்குறாங்க புள்ள. எந்திரி, போவோம்.”

“மலை பாதியில நிக்குதுங்க. வர மாட்டேன்.”

படத்தையே பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து, துணியில் கோடு போடும் நீலச் சாக்கட்டியை எடுத்து நீட்டினார். மஞ்சள் மேல் தேய்த்தேன். கோடையில் காய்ந்த தேயிலையின் அதே பச்சை வந்தது.

ஊர் வாயை நினைத்தால் அவருக்கு இன்னும் பயம்தான். ஆனால் கடைத்தெரு வழியாகப் படத்தை அவரேதான் தூக்கி வந்தார், எல்லாரும் பார்க்கும்படி வெளிப்பக்கம் திருப்பி.

ஏன் என்று கேட்டேன். “சட்டையில ஒட்டிரும்ல” என்றார்.

அந்தச் சட்டையில் சாக்கட்டிக் கறை இல்லாத நாளே கிடையாது.